ரோமியோ ஜூலியட்டைக் கொப்பியும் பேனையுமா வாசிக்கிறது எப்பிடி: பிளாட், ஐரனி, டிவைஸ் எல்லாத்துக்கும் ஒரு முழு வழிகாட்டி

இங்கிலிஷ் லிட் எடுக்கிற பிள்ளையளிட ரோமியோ ஜூலியட் கொப்பியை வாங்கிப் பாத்தா முக்கால்வாசி ஒரே மாதிரித்தான் இருக்கும். ஒரு பக்கத்தில கதைச்சுருக்கம், மற்றப் பக்கத்தில மெட்டபர், சிமிலி, ஒக்சிமோரன், பன் எண்டு டிவைஸ், அதாவது அணியளிட ஒரு லிஸ்ட், ஒவ்வொண்டுக்கும் ஒரு வரி உதாரணம், கீழ ஒரு கோடு. கதைக்கும் லிஸ்டுக்கும் நடுவில ஒரு தொடுப்பும் இல்லை. பிறகு எக்ஸாமில ஐரனி எப்பிடி வேலை செய்யுது எண்டு கேட்டா கதையை முழுக்க எழுதிப்போட்டு கடைசி வரியில "இது ஒரு ஐரனி ஆகும்" எண்டு முடிச்சிட்டு வாறது.

என்னைக் கேட்டா இந்த நாடகத்தை உள்ளுக்க இருந்து ஓட்டுறது ஒரு கணக்குத்தான்: ஆருக்கு எந்த நேரம் என்ன தெரியும். அந்தக் கணக்கைப் பிடிச்சிட்டா பிளாட், அதாவது கதைப் பின்னல், அதுக்குள்ளயே வரும், ஐரனியும் வரும், டிவைஸில பாதி என்னத்துக்கு அந்த இடத்தில நிக்குது எண்டும் விளங்கும். இஞ்ச திருக்கோணமலையில ரியூசனுக்குப் போற பிள்ளை, வீட்டில தனிய இருந்து படிக்கிற பிள்ளை, எக்ஸாம் எல்லாம் எப்பவோ முடிஞ்சு இப்ப ஆசைக்கு வாசிக்கிற ஆள், எல்லாருக்கும் சேத்துத்தான் எழுதுறன். தேவையான சாமான் நாடகப் புத்தகம், ஒரு சி.ஆர். கொப்பி, ரெண்டு கலரில பேனை. படம் பாத்திருந்தா நல்லம், ஆனா படத்தை வச்சு நோட்ஸ் எழுதப் போகாதேங்கோ, படக்காரர் வெட்டி விடுற இடங்களிலதான் எங்களுக்கு வேலையே இருக்கு.

முதல் வேலை: முன்னால நிக்கிற 14 வரியைப் பாயாதேங்கோ

நாடகம் தொடங்க முதல் கோரஸ் எண்டு ஒரு ஆள் வந்து 14 வரி சொல்லிப்போட்டுப் போகும். கனபேர் அதைத் தட்டி விட்டிட்டு நேர சண்டைக்குப் போறவை. அதில முழுக் கதையும் இருக்கு: வெரோனாவில ரெண்டு பெரிய குடும்பம் (ரோமியோ மொண்டேக் வீட்டுப் பொடியன், ஜூலியட் கப்யூலெட் வீட்டுப் பெட்டை), பழைய பகை, அந்த ரெண்டு வீட்டிலயும் பிறந்த ரெண்டு பேர் காதலிச்சு உயிரை விடுவினம், அந்தச் சாவோடதான் தாய் தேப்பன்மாரிட சண்டை அடங்கும். முடிவை முதலே சொல்லிப்போட்டா பிறகு என்னத்துக்கு இருந்து பாக்கிறது எண்டு கேக்கிற ஆள் கூத்துப் பாக்காத ஆளாத்தான் இருக்கும். எங்கட பக்கம் அபிமன்யு கதை ஆடினா அவன் சக்கர வியூகத்துக்குள்ள போய்த் திரும்பி வரமாட்டான் எண்டு முன்வரிசையில பாயில இருக்கிற சின்னப் பொடியனுக்கும் தெரியும், தெரிஞ்சும் விடிய விடிய இருந்து பாக்கிறம், அவன் தாயிட்ட விடை கேக்கிற இடத்தில அழுறம். தெரிஞ்சபடியாத்தான் அழுறம். மேடையில நிக்கிறவனுக்குத் தெரியாதது கீழ இருக்கிற எங்களுக்குத் தெரியும், அதுதான் டிராமாடிக் ஐரனி, ஷேக்ஸ்பியர் அதை முதல் நிமிசத்திலயே எங்கட கையில தந்திடுறார்.

இந்த நாடகம் எழுதினது 1595ஐ ஒட்டின காலம், அச்சில முதல் வந்தது 1597ல, அதை விட நீளமான பதிப்பு 1599ல. ஆனா அவர் செத்த பிறகு 1623ல வந்த பெரிய தொகுப்பில இந்த 14 வரி இல்லை. அது இல்லாத மாதிரி நினைச்சுக்கொண்டு முதல் ரெண்டு ஆக்டையும் ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ. வேலைக்காரங்கள் பகிடி விடுறாங்கள், ஒருத்தன் கிடைக்காத பெட்டைக்காக மரத்தடியில திரியிறான், முகமூடி போட்டுக்கொண்டு விருந்துக்குள்ள பூருறாங்கள், ஜூலியட்டை வளத்த வாயாடி நர்ஸ் ஒண்டு, களவுக் கலியாணம். இது பகிடி நாடகத்திட சாமான். அந்த 14 வரி முன்னால நிக்கிறபடியால எங்களுக்கு ஒவ்வொரு பகிடிக்கும் கீழ இன்னொண்டு கேக்குது.

ரெண்டாவது வேலை: நாள் கணக்கு போடுங்கோ

கொப்பியில ஞாயிறு தொடங்கி வியாழன் வரைக்கும் ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் எழுதுங்கோ. ஷேக்ஸ்பியருக்கு இந்தக் கதை கிடைச்சது ஆர்தர் புரூக் 1562ல வெளியிட்ட ஒரு நீளக் கவிதையில இருந்து. புரூக்கிட கவிதையில எல்லாம் நடந்து முடிய மாசக்கணக்கு எடுக்கும், பெட்டைக்கு வயசு 16. ஷேக்ஸ்பியர் அதை நாலஞ்சு நாளுக்குள்ள நெருக்கி, ஜூலியட்டிட வயசையும் 14 நிறையாமல் ஆக்கிவிட்டார்.

ஞாயிறு காலமை தெருச்சண்டை, பொழுதுபட்டா விருந்து, அதே ராத்திரி தோட்டத்தில அந்தப் பேர்போன சீன். திங்கள் விடிய ரோமியோ லோரன்ஸ் சாமியாரிட்ட ஓடுறான், மத்தியானம் நர்ஸ் சேதி கொண்டு வாறா, பின்னேரம் கலியாணம், ஒரு மணித்தியாலத்துக்குள்ள ரோமியோவிட சிநேகிதன் மெர்குஷியோவும் ஜூலியட்டிட மச்சான் டிபால்ட்டும் பிணம். டிபால்ட்டைக் கொண்டதுக்கு ரோமியோவை நாடு கடத்தியாச்சு. அந்த ராத்திரி மட்டும்தான் புருசனும் பெஞ்சாதியும் ஒண்டா இருந்த ராத்திரி. செவ்வாய் விடிய அவன் மன்டுவா எண்ட ஊருக்கு வெளிக்கிட, பின்னாலேயே ஜூலியட்டிட்ட தாய் வந்து வியாழக்கிழமை உனக்கும் தேப்பன் பாத்து வச்ச மாப்பிளை பாரிஸுக்கும் கலியாணம் எண்டு சொல்லுறா.

இனித்தான் கனபேர் கவனிக்காமல் விடுற இடம். ஜூலியட் சாமியாரிட்ட போய், குடிச்சா செத்த மாதிரிக் கிடக்க வைக்கிற மருந்தை வாங்கிக்கொண்டு வீட்டை வந்து தேப்பனிட காலில விழுந்து, சரி அப்பா, நீங்கள் சொன்னபடி செய்யிறன் எண்டு நடிக்கிறாள். நடிப்பு நல்லா எடுபட்டிட்டுது. கிழவனுக்கு வந்த சந்தோசத்தில வியாழன் என்னத்துக்கு, நாளைக்கே செய்வம் எண்டு கலியாணத்தைப் புதனுக்கு இழுக்கிறான். அவள் கல்லறையில முழிக்கேக்க ரோமியோ வந்து கூட்டிக்கொண்டு போக வேணும் எண்டு சாமியார் போட்ட திட்டத்தில ரோமியோவுக்குக் கடிதம் போய்ச் சேர ஒரு நாள் மிச்சம் இருந்தது, அந்த ஒரு நாளை இந்தப் பொய்யே தின்னுது. பொய் பிழைச்சிருந்தா, தேப்பன் நம்பாமல் முறைச்சுக்கொண்டு இருந்திருந்தா, கடிதத்துக்கு நேரம் இருந்திருக்கும். நினைச்சதுக்கு நேர் எதிரா நடக்கிற சிச்சுவேஷனல் ஐரனிக்கு உதாரணம் கேட்டா எல்லாரும் கடைசிச் சீனைத்தான் எழுதுவினம், நீங்கள் இதை எழுதுங்கோ, புத்தகத்தை வாசிச்ச பிள்ளை எண்டு திருத்துறவருக்குத் தெரியும்.

42 மணித்தியாலம் மருந்து வேலை செய்யும் எண்டு சாமியார் சொல்லுவார். செவ்வாய் ராத்திரி குடிச்சா அது வியாழன் பின்னேரம் முடிய வேணும், கல்லறைச் சீன் நடக்கிறது ராத்திரி, ஆகவே கணக்கு கொஞ்சம் இடிக்கும். அதில மினக்கெடாதேங்கோ. எழுதினவருக்கு தேவைப்பட்டது அவசரம், மணிக்கூட்டுச் சுத்தம் இல்லை.

வெக்கையையும் ஓரத்தில குறிச்சு வையுங்கோ. கதை நடக்கிறது ஜூலை நடுவில. மூண்டாம் ஆக்ட் தொடக்கத்தில ரோமியோவிட சொந்தக்காரன் பென்வோலியோ, வெயில் கொதிக்குது, கப்யூலெட் ஆக்கள் வெளியில திரியிறாங்கள், இண்டைக்கு ரத்தம் சூடேறிக் கிடக்கும், வா வீட்டை போவம் எண்டு கெஞ்சுவான். கச்சான் அடிக்கிற மாசத்தில மத்தியானம் பஸ் ஸ்டாண்டில நிண்டு பாத்த எங்களுக்கு அந்த வரிக்கு விளக்கம் தேவையில்லை.

மூண்டாவது வேலை: ஆருக்கு என்ன தெரியும்

இதுதான் முழு வழிகாட்டிக்கும் முதுகெலும்பு, கொஞ்சம் பொறுமையா செய்யுங்கோ. கொப்பியைப் படுக்கையா வச்சு ரோமியோ, ஜூலியட், தாய் தேப்பன், சாமியார், நர்ஸ், மற்ற ஆக்கள் எண்டு கட்டம் போட்டு, கடைசிக் கட்டத்துக்கு "நாங்கள்" எண்டு பேர் வையுங்கோ. ஒவ்வொரு சீன் முடியேக்கையும் ஆருக்கு என்ன புதுசா தெரிய வந்தது எண்டு ஒரு கலரில, என்ன தெரியாமல் இருக்கு எண்டு மற்றக் கலரில எழுதுங்கோ. நாங்கள் எண்ட கட்டத்துக்கும் மற்றக் கட்டங்களுக்கும் இடையில இருக்கிற இடைவெளிதான் ஐரனி. இடைவெளி பெரிசாகப் பெரிசாக நெஞ்சு இடிக்கும்.

மூண்டாம் ஆக்ட் முதல் சீனை எடுங்கோ. ரோமியோ கலியாணம் முடிச்சு சந்தோசமா தெருவுக்கு வாறான். டிபால்ட் சண்டைக்குக் கூப்பிடுறான். ரோமியோ மறுக்கிறான், உன்னில எனக்கு அன்பு இருக்கு, ஏன் எண்டு உனக்குப் பிறகு விளங்கும் எண்டு மட்டும் சொல்லுறான். அந்தத் தெருவில நிக்கிற ஆக்களில டிபால்ட் இப்ப ரோமியோவுக்குச் சொந்தக்காரன் எண்டது ரோமியோவுக்கு மட்டும்தான் தெரியும், மேடைக்கு வெளியில எங்களுக்குத் தெரியும். மெர்குஷியோவிட கட்டத்தில அது இல்லை. அவனுக்குக் கண்ணில படுறது தன்ர சிநேகிதன் கோழை மாதிரிப் பணியிறது மட்டும். அதைப் பொறுக்கேலாமல் தான் வாளை உருவுறான், ரோமியோ நடுவில பூந்து மறிக்கிறான், அவனிட கைக்குக் கீழால டிபால்ட் குத்துறான். ஏன்டா நடுவில வந்தனி எண்டு மெர்குஷியோ கேக்க, நல்லதுக்கெண்டுதான் செய்தனான் எண்டு ரோமியோ சொல்லுறான். ரெண்டு வீட்டையும் சாபம் போட்டுக்கொண்டு மெர்குஷியோ சாகிறான், சாகும் வரைக்கும் ரோமியோ ஏன் சண்டை பிடிக்கேல்லை எண்ட காரணம் அவனுக்குத் தெரியாது. ரோமியோ வாயைத் திறந்து ஒரு வசனம் சொல்லியிருந்தா போதும். சொல்லேலாது, ஏனெண்டா கலியாணம் களவு. இந்த ஒரு சீனில பகிடி நாடகம் முடிஞ்சு மற்றது தொடங்குது, அதுக்குப் பிறகு நாடகம் முழுக்க அந்த மாதிரிச் சிரிக்க வைக்கிற ஆள் இல்லை.

நர்ஸிட கட்டத்தையும் பாருங்கோ. எங்கட அகப்பாட்டில வாற செவிலித்தாய் மாதிரி வளத்தவள், தூதும் போனவள், மூண்டாம் ஆக்ட் அஞ்சாம் சீன் வரைக்கும் எல்லாம் தெரிஞ்சவள். தேப்பன் கத்திப்போட்டுப் போன பிறகு, ரோமியோ இனி வரான், பாரிஸையே கட்டு எண்டு புத்தி சொல்லுறாள். ஜூலியட் அதுக்கு, நீ சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல் எண்டு சொல்லுவாள். சொல்லுறது ஒண்டு, கருதுறது இன்னொண்டு, அந்த வெர்பல் ஐரனிக்கு இதை விட குளிர்ந்த உதாரணம் இந்த நாடகத்தில இல்லை. அந்த வசனத்தோட நர்ஸிட கட்டம் மூடுப்படுது, மருந்து விசயம் அவளுக்குத் தெரியாது, அடுத்த நாள் அவள் குழறுறது உண்மையான குழறல். அதே அறையில சாமியார் நிண்டு பெத்தவைக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு இருப்பார், பிள்ளை உயிரோட இருக்கு எண்டு தெரிஞ்சுகொண்டு. அந்த மனிசனில எனக்குக் கோவம் வாற இடம் அது.

ரோமியோவிட கட்டம் கடைசியில என்னவாகுது? ரெண்டு சேதி மன்டுவாவுக்கு வெளிக்கிடுது. உண்மையைக் கொண்டு போன ஜோன் சாமியார் பிளேக் சந்தேகத்தில ஒரு வீட்டுக்குள்ள வச்சு அடைபட்டார், கடிதம் வெரோனாவை விட்டே போகேல்லை. ஜூலியட் செத்திட்டாள் எண்ட பிழையான சேதியைக் கொண்டு போன பல்தசார் ரோமியோவிட விசுவாசமான வேலைக்காரன், குதிரையில பறந்து போய்ச் சொல்லிப்போட்டான். பிளேக் எண்டது அந்தக் காலத்து லண்டன் சனத்துக்குக் கட்டுக்கதை இல்லை, 1592இல இருந்து 1594 வரைக்கும் அதாலதான் நாடகக் கொட்டகையள் பெரும்பாலும் பூட்டிக் கிடந்தது. முந்தி இந்தக் கடித விசயம் பிள்ளையளுக்குச் சும்மா சாட்டு மாதிரித் தெரியும், 2020ல ஊரடங்குக்குள்ள இருந்த பிறகு ஒருத்தரும் அப்பிடிக் கேக்கிறேல்லை.

கல்லறையில ரோமியோ அவளைப் பாத்துச் சொல்லுறதை மெதுவா வாசியுங்கோ. உன்ர உதட்டிலயும் கன்னத்திலயும் இன்னும் சிவப்பு இருக்கு, சாவு தன்ர வெளிறின கொடியை அங்க இன்னும் ஏத்தேல்லை எண்டு சொல்லுறான். மருந்து இறங்கி ரத்தம் திரும்பி ஓடுது, அதுதான் சிவப்பு. உண்மை அவன்ர கண்ணுக்கு முன்னால, வாயால வேற சொல்லுறான், எண்டாலும் தெரியேல்லை. எங்களுக்குத் தெரியும். குடிச்சுச் சாகிறான், உடனேயே சாமியார் விளக்கோட வாறார், அவள் முழிக்கிறாள். கட்டம் எல்லாம் நிரம்புது, ஆனா எல்லாம் பிந்தி.

ஒரு பயிற்சி, எங்கட ஊரை வச்சே

கோணேசர் கோயிலுக்குப் போற ஆக்களுக்கு லவர்ஸ் லீப் எண்ட பேர் தெரிஞ்சிருக்கும். டச்சுக்காலத்தில ஒரு வெள்ளைக்காரப் பெட்டை, தன்ர காதலன் கப்பலேறிப் போறதைப் பாத்துக்கொண்டு அந்தப் பாறையில இருந்து குதிச்சாள் எண்டு கதை. உண்மையோ பொய்யோ அதை விடுங்கோ, எங்களுக்குக் கதை காணும். இப்ப அதுக்குக் கட்டம் போடுங்கோ. அவன் போறான், அது அவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், கதை கேக்கிற எங்களுக்கும் தெரியும். இடைவெளியே இல்லை. கவலையான கதை, ஆனா ஐரனி இல்லை, பிளாட்டும் இல்லை.

இனி நீங்கள் கொஞ்சம் கை வையுங்கோ. அவன் மனம் மாறி முதல் நாள் ராத்திரியே கப்பலை விட்டு இறங்கி, கோட்டை வாசலில காவல்காரனிட்ட மாட்டுப்பட்டு நிக்கிறான் எண்டு வையுங்கோ. அது எங்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது, கப்பல் வெளிக்கிடுது. பாத்தீங்களோ, ஒரு ஆளையும் புதுசா கொல்லேல்லை, ஒரு வசனம் கூட அழகா எழுதேல்லை, சும்மா தெரிஞ்சது தெரியாததை மாத்தினம், அவ்வளவுதான். இதை அரைப்பக்கம் எழுதிப் பாத்திட்டு நாடகத்துக்குத் திரும்பினா ஷேக்ஸ்பியர் ஒவ்வொரு சீனிலயும் என்ன செய்யிறார் எண்டு கையிலயே விளங்கும்.

நாலாவது வேலை: டிவைஸ்

லிஸ்ட் போடாதேங்கோ. ஒரு டிவைஸைக் கண்டா ரெண்டு கேள்வி கேளுங்கோ: சொல்லுற ஆளுக்கு இந்த நேரம் என்ன தெரியும், இதே டிவைஸ் முந்திப் பிந்தி எங்க வந்தது.

ஒக்சிமோரனை எடுங்கோ, எங்கட பள்ளிக்கூடத் தமிழில முரண் எண்டு படிச்சது. முதல் சீனில ரோமியோ, ஜூலியட்டைக் காண முதல் ஆசைப்பட்ட ரோசலினை நினைச்சு ஈய இறகு, குளிர் நெருப்பு, நோய்பிடிச்ச சுகம் எண்டு அடுக்கிக்கொண்டே போவான். அது காதல் இல்லை, காதல் கவிதையளை வாசிச்ச பொடியன் பாடமாக்கி ஒப்புவிக்கிறது, ரோசலின் ஒருக்கா எண்டாலும் மேடையில வாய் திறக்கிறாளோ எண்டு பாருங்கோ. பிறகு மூண்டாம் ஆக்டில டிபால்ட்டைக் கொண்டது ரோமியோ எண்டு கேள்விப்பட்ட ஜூலியட், அழகான கொடுங்கோலன், தேவதை மாதிரிப் பேய், புறா இறகு போட்ட அண்டங்காக்கை எண்டு சொல்லுவாள். அதே டிவைஸ்தான். ஆனா இவளுக்கு இப்ப உண்மையிலயே ரெண்டு மனம், செத்தவன் மச்சான், கொண்டவன் புருசன். முதலாவது சும்மா சொல்லடுக்கு, ரெண்டாவது வாயில இருந்து பிச்சுக்கொண்டு வாறது. இந்த ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சு எழுதினா ஒரு முழுப் பந்தி தானா வரும்.

சொனெட் எண்ட 14 வரிப் பாட்டும் அப்பிடித்தான். விருந்தில ரோமியோவும் ஜூலியட்டும் முதல் முதல் கதைக்கிற 14 வரியும் சேந்து ஒரு சொனெட். அவன் யாத்திரைக்காரன், அவள் புனிதச் சிலை எண்டு ஒரு உருவகம், அவன் தொடங்க அவள் எடுத்து மடக்க, ரெண்டு பேருமா கட்டி முடிக்க முத்தம். அந்நியமான ரெண்டு பேர் முதல் பேச்சிலயே ஒரு பாட்டை ஒண்டா எழுதுகினம் எண்டா பொருத்தத்துக்கு வேற சாதகம் பாக்கத் தேவையில்லை. உடனே அடுத்த சொனெட் தொடங்கி நாலு வரி போக நர்ஸ் வந்து தாய் கூப்பிடுறா எண்டு குழப்புறாள். குழம்பினது அந்தப் பாட்டு மட்டுமில்லை எண்டு பிறகு தெரியும். நாடகத்தைத் தொடங்கின முன்னுரையும் சொனெட்தான், சாவைச் சொன்ன அதே சட்டிக்குள்ளதான் முதல் முத்தமும் வேகுது.

வெளிச்சமும் இருட்டும் நாடகம் முழுக்க ஓடும், எல்லாரும் எழுதுற விசயம், அதால சுருக்கமா சொல்லுறன். அவள் அவனுக்குச் சூரியன், தீப்பந்தம், காகக் கூட்டத்துக்குள்ள வெள்ளைப் புறா. ஆனா இவைக்கு உதவி செய்யிறது எப்பவும் ராத்திரிதான், பகலில களவுக் கலியாணத்தைத் தவிர நடந்ததெல்லாம் கொலையும் கட்டளையும். செவ்வாய் விடியேக்க வானம்பாடி கத்துறதை ராக்குருவி எண்டு ஜூலியட் சாதிக்கிறது அதாலதான், விடிஞ்சா அவன் போகவேணும். விடிய விடிய எங்கட துன்பம் இருளுது எண்டு ரோமியோ சொல்லுவான். வெளிச்சம் நல்லது, இருட்டு கெட்டது எண்டு எழுதினீங்கள் எண்டா நாடகத்தைத் தலைகீழா எழுதிப்போட்டீங்கள்.

பன் எண்ட சிலேடை எங்களுக்குப் புதுசில்லை, காளமேகத்தைப் படிச்சு வளந்த ஆக்கள். மெர்குஷியோ குத்து வாங்கின பிறகும், நாளைக்கு என்னைத் தேடினா என்னை ஆழ்ந்த மனிசனாக் காண்பாய் எண்ட மாதிரி ஒண்டு சொல்லுவான், அந்த இங்கிலிஷ் சொல்லுக்குள்ள அமைதியும் இருக்கு, குழியும் இருக்கு. அதை விட நுட்பம் ஜூலியட்டிட. மூண்டாம் ஆக்ட் அஞ்சாம் சீனில தாய் ரோமியோவைத் திட்ட, இவள் ஒத்துக்கொள்ளுற மாதிரிப் பதில் சொல்லுவாள், அவனைக் காணும் வரைக்கும் எனக்கு ஆறாது எண்டு தொடங்கி, "செத்து" எண்ட சொல்லை முன்னுக்கும் பின்னுக்கும் ஒட்டுற மாதிரி நடுவில போடுவாள். தாய்க்குக் கேக்கிறது அவன் சாக வேணும் எண்டு. எங்களுக்குக் கேக்கிறது என்ர மனம் செத்துப் போச்சு எண்டு. ஒரே வசனம், ரெண்டு காது. உங்கட கட்டத்தில தாயிட பக்கத்தையும் எங்கட பக்கத்தையும் பாத்தீங்கள் எண்டா சிலேடை ஏன் அந்த இடத்தில வந்தது எண்டு கேக்கத் தேவையிருக்காது.

பின்னால வரப்போறதை முன்னால காட்டுற வேலைக்கு உங்களுக்குத் தெரிஞ்ச உதாரணம் சிலப்பதிகாரத்தில இருக்கு, கோவலன் மதுரைக்குள்ள நுழையேக்க கோட்டைக் கொடியள் வராதே எண்டு கைகாட்டின மாதிரி ஆடினது, தற்குறிப்பேற்ற அணிக்குப் பாடமாக்கினது. இஞ்சயும் நிறைய. விருந்துக்குப் போக முதலே ரோமியோவுக்கு மனம் சரியில்லை. அவன் ஆர் எண்டு தெரிய முதலே ஜூலியட், கலியாணம் முடிச்சவனா இருந்தா கல்லறைதான் என்ர கலியாணக் கட்டில் எண்டு சொல்லிப்போடுவாள். ஏணியால இறங்குற அவனைப் பாத்து, குழிக்குள்ள கிடக்கிற பிணம் மாதிரித் தெரியிறாய் எண்டுவாள். லோரன்ஸ் சாமியார் முதல் வரேக்க கையில வச்சிருக்கிற பூவில நஞ்சும் மருந்தும் ஒண்டா இருக்கு எண்டு சொல்லுறதைக் கோடு போட்டு வையுங்கோ, பிறகு ஒரு குப்பியில மருந்தும் இன்னொரு குப்பியில நஞ்சும் வரும். கப்யூலெட் சாவை மருமகன் எண்டு கூப்பிடுறதையும் அதோட சேருங்கோ.

வசனம், செய்யுள் வித்தியாசம்: வேலைக்காரர் பெரும்பாலும் வசனத்தில, பெரிய ஆக்கள் செய்யுளில. ஒரு வரி எழுதினா காணும்.

அஞ்சாவது வேலை: விதியோ, ஆக்களோ

இந்தக் கேள்வி வராத எக்ஸாம் இல்லை எண்ட மாதிரித்தான். ரெண்டும் எண்டு எழுதிப்போட்டுத் தப்பப் பாக்காதேங்கோ, ஒரு பக்கம் நில்லுங்கோ. கோரஸ் நட்சத்திரத்தைச் சொல்லுது, ரோமியோ தன்னை விதியின்ர பைத்தியக்காரன் எண்டு சொல்லுறான், கடைசியில நட்சத்திரங்களை எதிர்க்கிறன் எண்டு கத்துறான். ஆனா அப்பிடி எதிர்த்து அவன் செய்த முதல் வேலையே நஞ்சு வாங்கப் போனது, அதாவது விதி எழுதினதைத் தானே ஓடிப்போய்ச் செய்து குடுக்கிறான். நான் ஆக்களிட பக்கம்தான் நிப்பன். பிளேக்கைத் தவிர மிச்சமெல்லாம் ஆரோ ஒருத்தர் சொல்லாமல் விட்டதாலயும் அவசரப்பட்டதாலயும் வந்தது. மெதுவாப் போ, ஓடுறவன் தடக்கி விழுவான் எண்டு புத்தி சொன்ன சாமியாரே அண்டைக்குப் பின்னேரம் கலியாணத்தைச் செய்து வைக்கிறார். விருந்தில ரோமியோவைக் கண்டு டிபால்ட் குதிக்கேக்க, அவன் நல்ல பொடியன், ஊரே மெச்சுது, விடு எண்டு சொன்னது வேற ஆருமில்லை, ஜூலியட்டிட தேப்பன். அந்த மனிசனிட்ட ஒருத்தர் எண்டாலும் வாய் திறந்திருந்தா?

விடை எழுதேக்க

மேற்கோள் நீளமா வேண்டாம், நாலஞ்சு சொல் காணும், ஆர் ஆருக்கு எப்ப சொன்னது எண்டதைச் சேத்து எழுதுங்கோ. "இது பார்ப்போருக்கு விறுவிறுப்பை ஏற்படுத்துகிறது" எண்ட வசனத்தை உங்கட வாழ்க்கையில இருந்தே எடுத்து விடுங்கோ, அது எல்லா நாடகத்துக்கும் எல்லாச் சீனுக்கும் பொருந்தும், ஆனபடியால ஒண்டுக்கும் உதவாது. பந்திக்கு ஒரு சீன், அதில ஒரு இடைவெளி, அதுக்குள்ள ஒரு டிவைஸ், அவ்வளவு.

உதாரணத்துக்கு ஒண்டு தாறன். மன்டுவாவில நஞ்சு வித்தா மரணதண்டனை, ஆனா மருந்துக்கடைக்காரன் பட்டினியில ஒத்துக்கொள்ளுறான், ரோமியோ 40 பொற்காசு குடுக்கிறான். குடுத்திட்டு, நான்தான் உனக்கு நஞ்சு விக்கிறன், தங்கம் அதை விடப் பொல்லாத நஞ்சு எண்டு சொல்லுறான். தங்கத்தை நஞ்சு எண்டு அவன் சொன்னது கடைக்காரனுக்கு மட்டும்தான் கேட்டது, பெத்தவையளுக்குத் தெரியாது. கடைசிச் சீனில ரோமியோவிட தேப்பன் மொண்டேக் எழும்பி ஜூலியட்டுக்குச் சுத்தத் தங்கத்தில சிலை வைக்கிறன் எண்டுவார், உடனே கப்யூலெட், நானும் ரோமியோவுக்கு அதே மாதிரி வைப்பன் எண்டுவார். பிள்ளையள் செத்துக் கிடக்கு, சமாதானமும் வந்திட்டுது, எண்டாலும் எங்கயோ போட்டி நிக்கேல்லை, அதுவும் செத்த பொடியன் நஞ்சு எண்டு சொன்ன அதே சாமானால. இந்த ரெண்டு இடத்தையும் சேத்து ஐரனிக்கு எழுதின விடையை நான் குறைவாத்தான் கண்டிருக்கிறன்.

நாலாம் ஆக்டிட கடைசியில, ஜூலியட் செத்திட்டாள் எண்டு வீடே குழறிக்கொண்டு போன பிறகு, கலியாணத்துக்கு வந்த வாத்தியக்காரர் மூண்டு பேர் நிண்டு வேலைக்காரனோட பகிடி விட்டுக்கொண்டு, சரி நிண்டு சாப்பிட்டிட்டே போவம் எண்டு கதைப்பினம். படங்களில அனேகமா வெட்டி விடுற சீன். அதுக்குக் கட்டம் போட்டுப் பாருங்கோ, அந்த மூண்டு பேருக்கும் என்ன தெரியும், எங்களுக்கு என்ன தெரியும், அந்த இடத்தில எங்களுக்குச் சிரிப்பு வருதோ இல்லையோ. அதை நான் எழுதித் தரமாட்டன்.